இடிந்த சுவர்கள் மூன்று

புதுச்சேரிக்குத் திருப்பயணம் வருவோர் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் நடக்கின்றனர். இரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் இருதய ஆண்டவர் பசிலிக்கா கண்ணில் படும். 1902இல் தொடங்கி 1907இல் எழுந்து நின்ற அக்கோத்திக் ஆலயம் 2011இல் பசிலிக்காவாக உயர்வு பெற்றது. அதன் வண்ணக் கண்ணாடிகளின் வழியே இறங்கும் காலை ஒளியில் சிறிது நேரம் முழந்தாளிட்டபின், கடற்கரையை ஒட்டிய துய்மா வீதிக்குச் செல்வர். கப்புச்சின் துறவியரின் பெயரைச் சுருக்கி மக்கள் ‘கப்ஸ் கோயில்’ என்று அழைக்கும் சம்மனசுகளின் அன்னை ஆலயம் அங்கே உள்ளது. எதிரேயுள்ள சிறு தோட்டத்தில் புனித ஜோன் ஆஃப் ஆர்க்கின் சிலை நிற்கிறது. கடைசியாக மிஷன் வீதிக்கு வந்து ஜென்மராக்கினி அன்னையின் பேராலயத்தைக் காண்பர். முன்னாளில் அது புனித பவுலின் பெயரோடு வழங்கப்பட்டது. அப்பெயர் அயலார் நாவிலும் நம்மவர் நாவிலும் உருண்டு ‘சம்பா கோயில்’ ஆயிற்று. மூன்றையும் அரை நாளில் பார்த்து முடித்து, மாலையில் வில்லியனூர் லூர்து அன்னையிடம் போய்விட்டால் பயணம் நிறைவுற்றது என்று நினைக்கிறோம்.

இவ்வாறு செல்வதில் குற்றமொன்றுமில்லை. ஆயினும் சுற்றுலா செல்பவனுக்கும் திருப்பயணிக்கும் வேறுபாடு ஒன்று இருந்தாக வேண்டும். சுற்றுலா செல்பவன் கட்டடத்தைப் பார்க்கிறான். திருப்பயணியோ அக்கட்டடம் தன்னைப் பார்ப்பதற்கு இடம் கொடுக்கிறான். அவ்வாறு இடம் கொடுக்க வேண்டுமானால் ஆலயத்தின் அழகோடு அதன் வரலாறும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவ்வரலாற்றில் நமக்கு உவப்பில்லாத பக்கங்களும் அடங்கும். இம்முறை நாம் அம்மூன்று ஆலயங்களுக்கும் ஒரு நூலைத் துணைகொண்டு சென்றோம். அது நம் சபையைச் சேர்ந்த எவரும் எழுதிய நூலன்று. ஆனந்தரங்கப் பிள்ளை என்னும் வைணவர் ஒருவரின் நாட்குறிப்பு அது. அதனை ஒரு திருப்பயண வழிகாட்டியாக வாசிக்க இயலுமா, வாசித்தால் அது நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிள்ளை 1709இல் பிறந்தவர். பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாசியாக, ஆளுநர் துய்ப்ளேயின் வலக்கையாக விளங்கியவர். 1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கி, 1761 ஜனவரியில் தாம் இறக்கும் காலம் வரை அன்றாட நிகழ்ச்சிகளைத் தமிழில் எழுதிவைத்தார். 1846இல் கலுவா மோம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் கண்டெடுக்கும் வரை அவ்வேடுகள் அவர் இல்லத்திலேயே உறங்கின. 1904 முதல் 1928 வரை ஆங்கில மொழிபெயர்ப்பு பன்னிரண்டு தொகுதிகளாகச் சென்னையில் வெளிவந்தது. தமிழில் எழுதப்பட்ட நூலோ தமிழில் முழுமையாகக் கிடைப்பதற்கு 2019 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இடைக்காலத்தில், இம்மண்ணின் மைந்தரான பிரபஞ்சன் இதனை ஆதாரமாகக் கொண்டு ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்னும் இரு புதினங்களைப் படைத்தார். பின்னது 1995இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. நம்மில் பலர் பிள்ளையை அறிந்தது அப்புதினங்களின் வாயிலாகத்தான்.

நாட்குறிப்பின் தமிழ் புலவர் தமிழன்று. கடைத்தெருவிலும் கச்சேரியிலும் வழங்கிய பேச்சுத் தமிழ் அது. பாரசீகச் சொற்களும் பிரெஞ்சுப் பெயர்களும் அதில் தாராளமாகக் கலந்து கிடக்கின்றன. நாழிகைக் கணக்கு, நாள் நட்சத்திரம், சரக்கின் விலை, கப்பலின் வரவு, ஆளுநரின் முகக்குறி ஆகியன எல்லாம் ஒரே மூச்சில் வருகின்றன. அழகுக்காகவோ அச்சுக்காகவோ அவர் எழுதவில்லை. ஆகவேதான் அதில் ஒளிவு மறைவு குறைவு. தம்மைப் புகழ்ந்துகொள்ளும் இடங்கள் உண்டு. பிறர் மீதுள்ள பொறாமையை மறைக்கத் தெரியாத இடங்களும் உண்டு. அவை அந்நூலின் குறைகளே. ஆனால் ஒரு சாட்சியின் குறை நமக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பது, அவன் சாட்சியத்தை எடைபோட நமக்குக் கிடைக்கும் உதவியுமாகும்.

சம்பா கோயிலின் உள்ளே அமர்ந்து இந்நூலைப் புரட்டுபவருக்கு முதலில் எதிர்ப்படுவது ஒரு சுவர்.

1745 அக்டோபரில் பிள்ளை எழுதியுள்ள ஒரு குறிப்பு அது. கோயிலின் வட பக்கத்தில் ஒரு சுவர் எழுப்பப்பட்டிருந்தது. பறையர் முதலாய கிறிஸ்தவர் ஒரு புறமும், சாதிக் கிறிஸ்தவரும் ஐரோப்பியரும் சட்டைக்காரரும் மறு புறமும் நின்று திருப்பலி கண்டனர். காரைக்காலிலிருந்து வந்த குரு ஒருவர் இவ்வேற்றுமையைக் கண்டு பொறாதவரானார். ஒடுக்கப்பட்ட மக்கள் கூடிப் பேசி, மூத்த குருவிடம் சென்று முறையிட்டனர். நாங்களும் திருமுழுக்குப் பெற்றவர்கள்தாமே என்பதே அம்முறையீட்டின் சாரம். அம்முறையீட்டின் நியாயத்தை அவர் ஏற்றார். சுவர் இடிக்கப்பட்டது. அனைவரும் ஒன்றாக நின்று வழிபட்டனர்.

இதனைப் படிக்கும்போது நம் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் பிள்ளையின் குறிப்பு அங்கே முடியவில்லை. சாதிக் கிறிஸ்தவர் கொதித்தெழுந்தனர். பூசல் ஆளுநரின் செவிவரை சென்றது. அந்நாளில் கும்பினியின் தலைமைத் துபாசியாக இருந்தவர் கனகராய முதலியார் என்னும் கத்தோலிக்கர். செல்வமும் செல்வாக்கும் உடைய அவர் பக்கத்தில்தான் எதிர்த்தவர்கள் நின்றனர். அதே ஆண்டு நவம்பரில் ஒழுகரையில் தாம் கட்டிய புனித அந்திரேயா ஆலயத் திறப்புக்கு அவர் எல்லாச் சாதியாரையும் அழைத்து, அவரவர் முறைப்படி தனித்தனியே விருந்து வைத்ததையும் பிள்ளை விரித்துரைக்கிறார். ஆலயம் ஒன்று, பந்தி பல. இப்படிப்பட்ட காட்சியைப் பிள்ளை வியப்பின்றி எழுதுகிறார், ஏனெனில் அவர் கண்ணுக்கு அது இயல்பு. அவரும் சாதியைச் சுமந்தவரே. ஒடுக்கப்பட்டவர்பால் அவருக்குப் பரிவு இருந்ததாக அக்குறிப்பில் சான்றில்லை. இந்நூலைச் சமத்துவத்தின் நூல் என்று போற்றுவது அதற்கு நாம் இல்லாத பெருமையைச் சேர்ப்பதாகும்.

சுவர் இடிந்ததே தவிர, அதன் அடித்தளம் இடியவில்லை என்பது பின்வந்த வரலாறு. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் இரு கிளைகளாகக் கட்டப்பட்ட ஆலயத்தின் நடுச்சுவரை இடிக்க 1910 வரை செல்ல வேண்டியிருந்தது. நம் உயர்மறைமாவட்டத்திற்குட்பட்ட எறையூரில் 2008 மார்ச்சில் நிகழ்ந்தது நம்மில் பலருக்கு மறந்திருக்க முடியாது. தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கருக்கும் ஏனையோருக்கும் இடையே மூண்ட கலவரத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது, இருவர் இறந்தனர். 1745இல் சுவர் இருக்கும் கோயிலில் தங்களுக்கு இடம் வேண்டும் என்று கேட்டவர்களின் வழிவந்தோர், 2008இல் தங்களுக்கென்று வேறு ஆலயமே போதும் என்று கேட்கும் நிலைக்குத் தள்ளப்பட்டனர். இவ்விரண்டு கோரிக்கைகளுக்கும் இடையே உள்ள தொலைவே நாம் பின்னோக்கி நடந்த தொலைவு. இந்திய ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் கொள்கை அறிக்கை, திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்வது தொடக்கம்தான், ஆனால் அத்தொடக்கத்திற்கே இத்தனை காலம் ஆயிற்று.

இரண்டாம் சுவரைக் காண்பதற்குக் கோயிலை விட்டு வெளியே வர வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் சம்பா கோயிலை ஒட்டினாற்போல் வேதபுரீசுவரர் கோயில் இருந்தது. மணியோசையும் மேளவோசையும் ஒன்றோடொன்று மோதும் அளவுக்கு நெருக்கம். அக்கோயிலை அகற்ற வேண்டும் என்பது குருக்களின் நெடுநாளைய விருப்பம். 1746இல் இருமுறை அக்கோயிலுக்குள் அசுத்தம் எறியப்பட்டதையும், அதனால் மக்கள் கொதித்ததையும் பிள்ளை பதிந்துள்ளார். 1748இல் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் பாஸ்காவன் நகரை முற்றுகையிட்டார். அந்த இக்கட்டு, விரும்பியதை நிறைவேற்றுவதற்கு வாய்ப்பாயிற்று. படைவீரர் காவல் நிற்க, கடப்பாரையும் மண்வெட்டியுமாக ஆட்கள் வந்து கோயிலின் தென் சுவரிலிருந்து இடிக்கத் தொடங்கினர். இயேசு சபைக் குரு கேர்தூ தாமே முன்னின்று கருவறையைக் காலால் உதைத்தார், சிலைகளை உடைப்பித்தார் என்று நாட்குறிப்பு கூறுகிறது. உற்சவ மூர்த்திகளை மட்டும் மக்கள் காளத்தீசுவரர் கோயிலுக்கு எடுத்துச் சென்று காத்தனர். அருகிலிருந்த மசூதியின் மீதும் கைவைக்க முற்பட்டபோது, சிப்பாய்களின் தலைவர் அப்துல் ரகுமான் எதிர்த்து நின்றதால் அம்முயற்சி கைவிடப்பட்டது என்றும் பிள்ளை எழுதுகிறார். அன்று தடுத்தது மனச்சான்று அன்று. துப்பாக்கி ஏந்தியவர்களின் மனத்தாங்கலே.

இந்நிகழ்ச்சி நாட்குறிப்பில் 1748 செப்டம்பர் 8 என்னும் தேதியில் இடம்பெற்றுள்ளது. பிள்ளைக்கு அது ஆவணி மாதத்தின் ஒரு நாள். நமக்கோ அது மரியன்னையின் பிறந்தநாள். அவர் இதனைக் கவனித்து எழுதவில்லை; அவர் கவனிக்க வேண்டியதுமில்லை. அதைக் கவனிக்க வேண்டியவர்கள் நாம். வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடக்கும் அந்நாளில், அன்னையின் பெயரால் விளங்கும் நம் பேராலயத்தின் பக்கத்தில் பிறர் வணங்கிய கருவறை உதைபட்டது என்பதை நாம் எத்தனை பேர் அறிவோம்?

இங்கே திறனாய்வாளன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பிள்ளையை நம்பலாமா? அவருக்கு நம் குருக்கள்மீது பகை கொள்ளக் காரணம் இருந்தது. அவருடைய உறவினரும், கும்பினியின் தலைமைத் தரகராக இருந்தவருமான நைனியப்ப பிள்ளை குற்றம் சாட்டப்பட்டு, கசையடிபட்டு, 1717இல் சிறையிலேயே மடிந்தார். அவ்விடத்தில் ஒரு கிறிஸ்தவரை அமர்த்த இயேசு சபையார் விரும்பியது அறிந்த செய்தி. பின்னர் பிரான்சில் அத்தீர்ப்பு தள்ளப்பட்டது; ஆனால் இறந்தவர் திரும்பவில்லை. துபாசிப் பதவிக்குக் கனகராய முதலியாரின் குடும்பத்தாரோடு பிள்ளைக்கு நீண்ட போட்டியும் இருந்தது. எனவே குருக்களைப் பற்றி அவர் எழுதும் ஒவ்வொரு சொல்லையும் அப்படியே விழுங்க வேண்டியதில்லை. கண்டது எது, கேட்டது எது என்று பிரித்தே வாசிக்க வேண்டும். உதைத்த கால், உடைத்த கை ஆகிய நுணுக்கங்களில் ஐயத்திற்கு இடமுண்டு. கோயில் இடிந்தது என்பதில் ஐயத்திற்கு இடமில்லை.

கேர்தூ அடிகளையும் ஒரே கணத்தில் வைத்து எடைபோட்டுவிடக் கூடாது. நம் நாட்டுத் துணிகளுக்குச் சாயமேற்றும் நுட்பத்தைக் கைவினைஞரிடம் கேட்டறிந்து ஐரோப்பாவுக்கு எழுதியவர் அவர். சமஸ்கிருதத்திற்கும் கிரேக்க, இலத்தீன் மொழிகளுக்கும் உறவிருப்பதை, வில்லியம் ஜோன்ஸ் அதைப் பேசுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, 1767இல் பாரீசின் அறிஞர் அவைக்கு எழுதியவரும் அவரே. சொற்களுக்கிடையே உறவைக் கண்ட ஒருவர், அச்சொற்களால் மன்றாடிய மக்களோடு உறவைக் காணத் தவறினார். அறிவு இருந்தது, அண்டை வீட்டார்பால் மதிப்பு இல்லை. இது அவர் ஒருவருடைய குறையன்று, அக்காலத்தின் குறை. ஆனால் அக்காலத்தின் குறை என்று சொல்லி அமைந்துவிடுவதும் எளிது. அதே காலத்தில்தான் அதே சபையின் வீரமாமுனிவர், 1747இல் மறையும் வரை, தமிழ்ப் புலவரோடு அமர்ந்து தமிழின் மரபிலேயே தேம்பாவணி பாடினார். வேறு வழி அன்றும் இருந்தது.

மூன்றாம் சுவர் நாம் நன்கறிந்தது. 1761 ஜனவரி 16இல் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. சில நாள் முன்னரே பிள்ளை கண்மூடினார். ஆங்கிலேயர் நகரத்தைத் தரைமட்டமாக்கினர். 1736இல் கட்டி முடித்த பெரிய சம்பா கோயிலும் அதில் அழிந்தது. அதற்கு முன் 1690களில் ஒல்லாந்தர் நகரைக் கைப்பற்றியபோதும் நம் முதற்கோயில் அழிந்திருந்தது. இன்று நாம் காணும் பேராலயம் 1791இல் நிறைவு பெற்றது.

நம் ஆலய வரலாறுகளை எழுதுவோர் இம்மூன்றாம் சுவரை மறப்பதில்லை. நம் கோயில் எத்தனை முறை இடிக்கப்பட்டது, எத்தனை முறை எழுந்தது என்பது விழா மலர்களில் பெருமையோடு இடம்பெறும். பெருமைப்படத் தக்கதுதான். ஆனால் நாம் இடிபட்ட கதையை மட்டும் சொல்லி, நாம் இடித்த கதையைச் சொல்லாமல் விடுவது பாதி வரலாறு. ஒப்புரவு அருட்சாதனத்தில் பிறர் நமக்கிழைத்த தீங்குகளை மட்டும் குருவிடம் கூறிவிட்டு எழுந்தால் அது பாவசங்கீர்த்தனம் ஆகுமா? 1761இன் அழிவை 1748இன் தண்டனை என்று கூறுவதும் முறையன்று. சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்டவர்களைப் பற்றி ஆண்டவர் அறிவுறுத்தியது நமக்குத் தெரியும். இடிபாடு எவருடைய பாவத்துக்கும் விலைச்சீட்டு அன்று. அது மனந்திரும்புதற்கான அழைப்பு. இடிந்த வீட்டாருக்கும், இடித்த வீட்டாருக்கும்.

நாட்குறிப்பைத் துணைகொள்வதால் இந்நகரில் நம் முன்னோர் ஆற்றிய நற்பணி மங்கிவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. இயேசு சபை ஒடுக்கப்பட்டபின் பாரீசு மறைபரப்புச் சபையார் 1776இல் இங்கு பொறுப்பேற்றனர். அவர்களுள் ஒருவரான துப்புய்ஸ் அடிகள், பெண் கல்வியை எண்ணிப் பார்க்கவும் பலர் தயங்கிய 1844இல், அதற்கெனவே தமிழ்ப் பெண்களைக் கொண்டு ஒரு துறவற சபையை இங்கே தோற்றுவித்தார். தேம்பாவணி முதன்முதலாக அச்சேறியதும் அவர் பொறுப்பில், இந்நகரின் மிஷன் அச்சகத்தில்தான். 1851 முதல் 1853 வரை மூன்று தொகுதிகளாக. இவற்றை நாம் உரத்துச் சொல்லலாம். குற்றத்தைச் சொல்லத் தயங்காத வாய் நன்மையைச் சொல்லும்போதுதான் கேட்பவர் நம்புவர்.

ஆக, பிள்ளையின் நாட்குறிப்பு நமக்கு எப்படிப்பட்ட நூல்? அது பக்தி நூலன்று. நடுநிலை வரலாறும் அன்று. ஆயினும் நம் வீட்டுக்குள் நாம் கவனியாத ஒட்டடையை, வாசலில் நிற்கும் அயலான் ஒரே பார்வையில் கண்டுவிடுவது போல, நம் சபையை நமக்கு வெளியிலிருந்து காட்டும் நூல் அது. புனிதர் இரண்டாம் யோவான் பவுல் 2000 மார்ச் 12 அன்று உரோமையில், திருச்சபையின் மக்கள் பிற பண்பாடுகளுக்கும் சமயங்களுக்கும் இழைத்த தவறுகளுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். நினைவைத் தூய்மைப்படுத்துதல் என்று அதற்குப் பெயரிட்டார். நினைவு இல்லாத இடத்தில் எதைத் தூய்மைப்படுத்துவது? உரோமையில் நிகழ்ந்த அம்மன்றாட்டுக்குப் புதுச்சேரியில் முகவரி தருவது இந்நாட்குறிப்பு. ‘எதிர்நோக்கின் திருப்பயணிகள்’ என்னும் மையக்கருத்தோடு 2025 யூபிலி ஆண்டைக் கொண்டாடிய நாம், எதிர்நோக்கு மறதியின் மேல் கட்டப்படுவதில்லை என்பதையும் எண்ண வேண்டும்.

செய்யத்தக்கவை பெரியன அல்ல. நம் ஆலய வரலாற்றுக் குறிப்புகளில் 1745க்கும் 1748க்கும் ஒவ்வொரு வரி சேர்க்கலாம். செப்டம்பர் 8 திருப்பலியின் இறைமக்கள் மன்றாட்டில் ஒரு வேண்டுதல் இடம்பெறலாம். பேராலயத்திற்கு வரும் திருப்பயணி, திரும்பும் முன் சிறிது தொலைவு நடந்து, பின்னாளில் வேறிடத்தில் எழுப்பப்பட்டு இன்றும் வழிபாட்டில் உள்ள வேதபுரீசுவரர் கோயிலின் வீதியில் ஒரு நிமிடம் மௌனமாக நிற்கலாம். தம் சொந்தப் பங்குக்குத் திரும்பியதும், அங்கே கல்லறையிலும் தேர்ப்பவனியிலும் இன்னும் நிற்கும் சுவர் எது என்று பார்க்கலாம். முதல் மூன்றும் எளியன. கடைசியானது கடினம், அதற்காகத்தான் மற்ற மூன்றும்.

மாலையில் நாம் மறுபடியும் துய்மா வீதிக்கு வந்தோம். கப்ஸ் கோயிலின் எதிரே ஜோன் நின்றுகொண்டிருந்தாள். 1431இல் திருச்சபையின் நீதிமன்றம் ஒன்று அவளைப் பதிதை என்று தீர்ப்பிட்டது, அவள் எரிக்கப்பட்டாள். 1456இல் திருச்சபையே அத்தீர்ப்பைத் தள்ளியது. 1920இல் அவளைப் புனிதையென்று பீடத்தில் ஏற்றியது. காலையில் அச்சிலையை ஒரு பிரெஞ்சு நினைவுச் சின்னமாக மட்டுமே கண்டு கடந்திருந்தோம். நாட்குறிப்பை மூடிக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அவ்வேளையில், தன் தவற்றைத் தானே திரும்ப வாசித்துத் திருத்திக்கொள்ளத் தெரிந்த ஒரு தாயின் வீட்டு வாசலில் நிற்கிறோம் என்னும் ஆறுதல் நமக்கு உண்டாயிற்று. மாலைத் திருப்பலிக்கு மணி ஒலித்தது. உள்ளே சென்றோம்.